பாசி பூசும் சன்ஸ்க்ரீன்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு டியூப் இருக்கிறது. அளவு கட்டைவிரல்; விலை நானூற்றுத் தொண்ணூறு ரூபாய். பெயர் சன்ஸ்க்ரீன். தினமும் ஸ்கூட்டியை எடுப்பதற்கு முன்னால் என் மகள் அதைப் பயறளவு பிதுக்கி முகத்தில் தடவிக்கொள்வாள். தடவிய பிறகு முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. ‘இருக்கிறதே தெரியாது, அதுதான்ப்பா விசேஷம்’ என்பாள். நான் வேலை பார்த்த ஆபீஸில் இப்படி இருக்கிறதே தெரியாதவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களும் விலை கூடின சரக்குதான்.

ஒரு நாள் இருட்டில் தலைவலித் தைலம் என்று நினைத்து, அந்த டியூபிலிருந்து தாராளமாக எடுத்து நெற்றியில் அழுத்தித் தேய்த்துவிட்டேன். வலி போகவில்லை. விலையைக் கேட்டதும் இரண்டு மடங்காயிற்று.

“வெயில்ல அலையறவங்களுக்குப்பா அது. நீங்க என்னிக்கு வெயிலுக்குப் போனீங்க?” என்றாள் மகள்.

வாஸ்தவம். முப்பத்து நாலு வருஷம் ஃபேனுக்கு அடியில் உத்தியோகம். ரிட்டயர் ஆன பிறகும் ஃபேன் மாறியதே தவிர நான் மாறவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஏனோ சுருக்கென்றது. என் வம்சத்தில் வெயிலிலேயே வாழ்ந்த ஜீவன் ஒன்று உண்டு. பாம்பன் அத்தை.

அப்பாவுடன் கூடப் பிறந்தவர். வயது அறுபத்தேழு. பத்து வயதில் ‘பாசிக்குப் போக’ ஆரம்பித்தவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். பாசி என்றால் குளத்தில் வழுக்குகிறதே, அது இல்லை. மன்னார் வளைகுடாவில், பவளப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் கடற்பாசி. மூச்சைப் பிடித்து முங்கி, கையால் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, விரல்களில் துணி சுற்றல். இப்போதெல்லாம் முங்குவதற்குக் கண்ணாடி இருக்கிறது. அத்தை ஆரம்பித்தபோது உப்புத் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டுதான் தேட வேண்டும்.

பாசிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் பசி எடுக்கும். கஞ்சிப்பாசி, பக்கோடா பாசி, கட்டைக்கோரை, மரிக்கொழுந்துப் பாசி... டிபன் கடையும் பூக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரி. மரிக்கொழுந்திலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். நோன்பு நாளில் இஸ்லாமிய நண்பர்கள் வீட்டில் பளபளவென்று ஜெல்லி தருவார்களே, அந்தச் சாமான். கட்டைக்கோரையில் வருவது ஆல்ஜினேட். துணிக்குச் சாயம் அச்சடிக்கவும் ஐஸ்க்ரீம் கட்டிதட்டாமல் இருக்கவும் போகிறது.

போன வருஷம் மாசிக் கடைசியில் அத்தையின் பேத்தி போன் செய்தாள். கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்த பெண்.

“மாமா, அப்பத்தா கண்ணு மோசமாயிட்டே வருது. ஆஸ்பத்திரின்னாலே கடல்ல எறங்கிடறாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.”

நான் சொன்னால் கேட்கிற ஆள் இந்தப் பூமியில் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. (என் தர்மபத்தினி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுச் சிரித்ததை இங்கே எழுதவில்லை.) அன்று மத்தியானமே மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். கிளம்பும்போது மகளுக்குத் தெரியாமல் அந்த டியூபையும் பையில் போட்டுக்கொண்டேன். ஏதோ ஒரு உத்வேகம்.

அத்தை வாசலில் உட்கார்ந்து காய்ந்த பாசியில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் பகீரென்றது. இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து முக்கோணமாக ஒரு சதை, ஈசல் இறக்கை மாதிரி. இடது கண்ணில் கருவிழி மேலேயே ஏறியிருந்தது.

“வாய்யா மருமகனே! என்ன இம்புட்டு வெளுத்துப் போயிருக்க? ஒடம்புக்கு முடியலையா?”

“நிழல்லயே இருக்கேன்ல அத்தை, அதான்.”

“பாசி வெயிலுக்கு வெளுக்கும். மனுசன் நெழலுக்கு வெளுப்பான் போல” என்று சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்து போனார்.

போகிற போக்கில் சொன்ன இந்த வார்த்தைக்குப் பேத்தி ராத்திரி திண்ணையில் ஒரு மணி நேரம் வியாக்கியானம் செய்தாள். பாதி புரிந்தது, புரிந்த பாதியே என்னைத் தூங்கவிடவில்லை.

“அப்பத்தா சொல்றது கரெக்ட் மாமா. பாறை இடுக்குல, ஆழத்துல இருக்குற கஞ்சிப்பாசி கருஞ்சிவப்பா இருக்கும். மேல வெயில் படற எடத்துல அதே பாசி மஞ்சளா, பச்சையா வெளுத்துக் கிடக்கும். அந்தச் சிவப்பு, வெளிச்சத்தைப் பிடிக்கிற வலை மாதிரி. ஆழத்துல வெளிச்சம் கம்மி, பெரிய வலை வேணும். மேல வெளிச்சம் கொட்டுது. அதனால வலையைச் சுருட்டி வெச்சிடுது.”

“அப்ப வெயில்ல ஒரு பாதுகாப்பும் இல்லாம வெறும் உடம்போட நிக்குதா?”

“அதான் இல்ல. சன்ஸ்க்ரீன் போட்டுக்கிட்டு நிக்குது!”

நான் பைக்குள் இருந்த டியூபைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். சூரியன் அனுப்புகிற வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு புற ஊதாக் கதிர். இதிலும் ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ். 280 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ‘சி’ படுபயங்கரம். நல்லவேளையாக வானத்து ஓசோனும் மற்றக் காற்றும் அதைக் கீழே விடுவதில்லை. 280 முதல் 315 வரை ‘பி’. ஓசோன் பெரும்பாலும் தடுத்தாலும் கொஞ்சம் தப்பி வந்துவிடும். 315 முதல் 400 வரை ‘ஏ’. தாராளமாக வரும். இந்த ‘பி’ செய்கிற அட்டூழியம் என்னவென்றால், உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்று முறுக்கிய ஏணி இருக்கிறதல்லவா, அதில் பக்கத்துப் பக்கத்துப் படி இரண்டை ஒட்டவைத்துவிடுகிறது. பை ஜிப்பில் இரண்டு பல் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? அதற்கு மேல் ஓடாது. அப்படி.

கடல் தண்ணீர் தடுக்காதா என்று கேட்டேன். கலங்கல் தண்ணீர் என்றால் ஒரு முழம் இரண்டு முழத்திலேயே பெரும்பங்கு நின்றுவிடுமாம். தெளிந்த தண்ணீரில் பத்து மீட்டருக்குக் கீழேயும் எட்டிப் பார்க்கும். வற்றம் வரும்போது பாறை மேல் இருக்கும் பாசிக்குத் தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை. எழுந்து ஓடவும் காலில்லை.

அதனால் சிவப்புப் பாசிகள் தங்களுக்குள்ளேயே ஒரு மருந்தைத் தயாரித்துக்கொள்கின்றன. பெயரைக் கேட்டால் பயப்படாதீர்கள்: மைக்கோஸ்போரின் மாதிரி அமினோ அமிலங்கள். சுருக்கமாக எம்.ஏ.ஏ. (எம்.ஏ.வுக்கு மேல் ஒரு ‘ஏ’ எக்ஸ்ட்ரா.) முதலில் காளான் இனத்தில் கண்டுபிடித்ததால் ‘மைக்கோ’ ஒட்டிக்கொண்டது. இந்தச் சரக்கு சுமார் 310 முதல் 360 நானோமீட்டர் வரையிலான கதிரை அப்படியே குடித்துவிட்டு, வாங்கிய சக்தியை இலேசான சூடாக வெளியே விட்டுவிடும். வேறு வம்பு தும்புக்குப் போகாது. நிறமே கிடையாது, இருப்பதே தெரியாது.

ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுற்றித் தின்கிறார்களே, நோரி, அந்தப் பாசியில் இருப்பதற்கு போர்ஃபைரா-334 என்று பெயர். 334 என்பது கதவு நம்பர் இல்லை. அந்த அலைநீளத்தில்தான் அது கதிரை அதிகமாக உறிஞ்சும். இதையே எடுத்து ஐரோப்பாவில் மனிதர்கள் பூசும் க்ரீமில் சேர்க்கிறார்கள் என்று பேத்தி சொன்னதும், அதுவரை தூங்குகிற மாதிரி படுத்திருந்த அத்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாப் பாசியும் ஒரே மாதிரி இல்லையாம். விஞ்ஞானிகள் மூன்று ஜாதியாகப் பிரித்திருக்கிறார்கள். எவ்வளவு வெயில் பட்டாலும் எம்.ஏ.ஏ. செய்யவே தெரியாதவை ஒன்று. இவை ஆழத்திலும் நிழலிலும்தான் பிழைக்கும். வெயில் உறைத்த பிறகு செய்பவை இரண்டாவது. எப்போதும் தயாராக வைத்திருப்பவை மூன்றாவது. வட கடலில் ஹெல்கோலாந்து என்ற தீவில், ஆழத்தில் வளர்ந்த கோண்ட்ரஸ் என்னும் பாசியை மேலே கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். சில நாளிலேயே அது மருந்தைக் கூட்டிக்கொண்டுவிட்டதாம். அது இரண்டாம் ஜாதி. எங்கள் வீட்டில் மகன் இரண்டாம் ஜாதி, கத்தினால் செய்வான். என் மனைவி மூன்றாம் ஜாதி. முதல் ஜாதி யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கட்டைக்கோரை, பக்கோடா பாசி போன்ற பழுப்புப் பாசிகளின் வழி வேறு. டீயில் துவர்க்கிறதே டானின், அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஃப்ளோரோடானின் என்று ஒன்றைக் குட்டிக் குட்டிப் பைகளில் நிரப்பி வைத்திருக்கும். புற ஊதாவையும் தடுக்கும். மேய வருகிற பிராணிக்கும் வாய் துவர்த்துப் போகும். ஒரு செலவு, இரண்டு வரவு. இதில் கொஞ்சம் தண்ணீரிலும் கசிந்து, சுற்றுவட்டாரத்துக்கே நிழல் போடுகிறது.

“இதெல்லாம் மீறியும் அடிபட்டா?” என்றேன்.

“ரிப்பேர் பாக்க ஆள் இருக்கு மாமா. ஃபோட்டோலயேஸ்னு ஒரு நொதி. ஒட்டிக்கிட்ட ஜிப்பைப் பிரிச்சு விடும். அதுக்கு வேண்டிய சக்தியும் அதே சூரியனோட நீல வெளிச்சத்துலேருந்துதான்.”

அடித்தவன் பாக்கெட்டிலிருந்தே ஆஸ்பத்திரிச் செலவை எடுப்பது! எவ்வளவு பெரிய சாமர்த்தியம்! “நமக்கும் அது உண்டுல்ல?” என்று ஆவலாகக் கேட்டேன்.

“இல்ல மாமா. கங்காருவுக்கு இருக்கு. நம்மள மாதிரி தொப்புள்கொடியில வளர்ற பாலூட்டிங்க எப்பவோ தொலைச்சுட்டோம். நமக்கு வேற முறை, கெட்டுப்போன துண்டையே வெட்டி எடுத்துட்டுப் புதுசாத் தைக்கணும்.”

கங்காருவுக்கு இருக்கிறது, ரிட்டயர்டு ஹெட் கிளார்க்குக்கு இல்லை. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

கஷ்டத்தை அதிகமாக்கியது அவள் அடுத்துச் சொன்னது. உல்வா என்று ஒரு பச்சைப் பாசி. நம் கடலிலும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். மெத்தை மெத்தையாக அடுக்கி வளரும் அந்தப் பாசியின் மேல் அடுக்கு வெயிலில் வெளுத்து வீணாகப் போய்விடுமாம். ஆனால் அது மேலே கிடக்கிற புண்ணியத்தில் கீழ் அடுக்கு பச்சைப் பசேலென்று சௌக்கியமாக இருக்கும்.

நான் பேசவில்லை. 1982-ல் மதுரையில் பி.காம். சேர்ந்தேன். ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட அப்பாவிடம் வழியில்லை. ஒவ்வொரு அமாவாசையும் பௌர்ணமியும் முடிந்த கையோடு அத்தை பணம் கொடுத்தனுப்புவார். சில நோட்டுகள் ஈரம் காய்ந்து உப்புப் பூத்திருக்கும். மெஸ் மேனேஜர் அதைத் தட்டித் தட்டி வாங்குவார். எனக்கு வெட்கமாக இருக்கும். எதற்கு வெட்கப்பட்டேன் என்பதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன், அதை விடுங்கள்.

மறுநாள் காலை விஷயத்துக்கு வந்தேன். “அத்தை, கெளம்புங்க. மதுரைல நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கு.”

“நாளான்னிக்கு அமாவாச மொறை ஆரம்பிக்குதுய்யா. ஆறு நாளு.”

அவர்களுடைய கணக்கு அது. பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், மாதம் பன்னிரண்டே நாள்தான் பாசிக்குப் போவார்கள். மற்ற நாளில் பாசி வளர வேண்டும் என்று பெண்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பன்னிரண்டில் ஆறு போனால் பாதி மாத வருமானம் போயிற்று. நான் தருகிறேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தை பதில் சொல்லாமல் பாசியை உதறினார். மணல் பூராவும் என் வேட்டி மேல்.

கடைசியில், ‘காட்டுறதுக்கு மட்டும் வர்றேன், கத்தி வைக்க விடமாட்டேன்’ என்ற ஒப்பந்தத்தில் அன்றே பஸ் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மதுரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. நிதானமாகப் பார்த்தார். “டெரிஜியம். கிரேக்க மொழியில சின்ன றெக்கைன்னு அர்த்தம். வெயில், காத்து, தூசி எல்லாம் சேர்ந்தது. முக்கியமா புற ஊதா. பாட்டி கடல்லயா வேலை பாக்கறாங்க?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“தண்ணில பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம் பக்கவாட்டுல, கீழேருந்து வரும். தலைக்கு முக்காடு போட்டாலும் தடுக்காது” என்றவர், ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். ஆஸ்திரேலியாவில் மினாஸ் கொரோனியோ என்ற கண் மருத்துவர் சொன்ன விளக்கமாம்: காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியை நம் கருவிழியே லென்ஸ் மாதிரி வளைத்து, மூக்குப் பக்கத்து ஓரத்தில் குவித்துவிடுகிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்போமே, அந்த வித்தை. அதனால்தான் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கமே முளைக்கிறது.

இடது கண்ணில் பாவையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும். சில வாரம் பொறுக்கலாம், வருஷக்கணக்கில் தள்ளக் கூடாது. செய்த பிறகும் வெயிலில் அலைந்தால் திரும்ப வளரலாம். “கடலுக்குப் போறத விட்டுட்டா நல்லது பாட்டி” என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீ ஆஸ்பத்திரிக்கு வர்றத விட்டுருவியா தாயி?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு பேரும் சொல்வது சரி என்றால் நடுவில் இருக்கிறவன் என்ன செய்வது?

வழி அத்தையேதான் கண்டுபிடித்தார். பாசி விதை விடுகிற காலம் என்று, ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் ஒரு 45 நாள் யாரும் எடுப்பதில்லை. அதுவும் அந்தப் பெண்களின் ஏற்பாடுதான். “அந்த நாளுல வச்சுக்க. எப்படியும் சும்மாதான் கெடப்பேன்” என்றார். பேத்திக்கு ஒரே சந்தோஷம். அந்த ‘விதை’ ஒற்றை உயிரணுதானாம். தடிமனும் இல்லை, மருந்தும் போதாது. நார்வேக்குச் சொந்தமான ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் கெல்ப் பாசிகளை வைத்துச் சோதித்ததில், வளர்ந்த செடி தாங்குகிற புற ஊதாவை விதை தாங்கவில்லை. அதிலும் ஆழத்து இனத்தின் விதைகள்தான் முதலில் விழுந்தன. தாய்ப்பாசி கூரையாக நின்றால்தான் அடியில் குஞ்சு பிழைக்கும். “அப்பத்தா கணக்கு சயின்ஸ் கணக்கு மாமா!” என்றாள். அத்தைக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. “தாயப் புடுங்குனா புள்ள எப்புடி நிக்கும்?” என்று கேட்டுவிட்டு முறுக்கைக் கடித்தார்.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதே கண்ணில் மேல் இமைக்கு அடியிலிருந்து மெல்லிய தோல் எடுத்துச் சதை இருந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். டாக்டரம்மா சொன்னபடி பக்கமெல்லாம் மூடிய கறுப்புக் கண்ணாடி, அகல விளிம்புத் தொப்பி. எங்கள் வீட்டு ஹாலில் அத்தை இரண்டையும் மாட்டிக்கொண்டு டி.வி. பார்த்தபோது, அடுத்த வீட்டுக்காரர் யாரோ சினிமா டைரக்டர் வந்திருப்பதாக நினைத்துவிட்டார். இருபது நாள் இருந்தார். அவ்வளவு நாள் நிழலில் அவர் இருந்து நான் பார்த்ததேயில்லை.

மகளிடம் உண்மையைச் சொல்லி டியூபை அத்தையிடம் கொடுக்கவைத்தேன். அவள் ஒரு விஷயத்தில் கறார்: அதில் ஆக்ஸிபென்சோன் இருக்கக் கூடாது. பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய்த் தீவுகளில் 2018-ல் சட்டம் போட்டு, 2021 ஜனவரி முதல் அதைக் கலந்த சன்ஸ்க்ரீனை விற்க விடுவதில்லை. பவளப் பாறை மேல் முங்குகிற ஆளுக்குக் கொடுக்கிறோமே! நல்லவேளை, எங்கள் டியூபில் அது இல்லை.

ஜூன் கடைசியில் போன் செய்தேன். பேத்தி எடுத்தாள். “அப்பத்தா பாசிக்குப் போயிருக்காங்க மாமா.”

எனக்கு ரத்தம் கொதித்தது. சாயந்தரம் திரும்பக் கூப்பிட்டு, “டாக்டர் அம்புட்டு சொல்லியும்...” என்று ஆரம்பித்தேன்.

“கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான்யா போனேன். வள்ளத்துல தொப்பி, தண்ணிக்குள்ள முங்கு கண்ணாடி. முன்ன மாதிரி மத்தியானம் வரைக்கும் இல்ல, பத்து மணிக்கே ஏறிட்டேன்” என்றார். பிறகு குரலைத் தணித்து, “ஒண்ணு கேக்கணும் மருமகனே. அந்த டியூப்புல பாசி கலக்குறான்னு அன்னிக்குப் புள்ள சொல்லுச்சே. எந்தப் பாசி? எங்க கடல் பாசியா? கிலோ என்ன வெலைக்கு எடுக்குறானாம்?”

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். மகள் புதிதாக வாங்கியிருக்கும் டியூபை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிற சாமான் பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு பெயர் ஆயிற்று. பாசியை இன்னும் காணோம்.